கடைசி ரீல் வராத நாள்

போன மாசம் என் தம்பி மருமகள் என்னை விருதுநகருக்குக் கூட்டிப்போய் ஒரு படம் காட்டினாள். அந்தத் தியேட்டர் வாசலில்தான் அவளுக்கு வேலை. கையில் ஒரு சின்ன மிஷின் வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் போனை நீட்டினால் அது கீச்சென்று ஒரு சத்தம் போடும், அம்புட்டுதான், உள்ளே போகலாம். படம் உலகம் அழிகிற படம். கடல் பொங்கி ஊருக்குள் வருகிறது, மாடி மாடியாகக் கட்டிடம் சாய்கிறது. முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையிலேயே பாதிப்பேர் எழுந்து நடையைக் கட்டிவிட்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே வந்து, "ஏட்டி, கடைசி ரீல் பாக்காமப் போறாகளே, கூப்பிட்டுச் சொல்லு" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "யாரு போனா நமக்கென்ன அத்தை? வாசல்ல நிக்கிறதோட நம்ம வேலை முடிஞ்சது" என்றாள்.

அப்படி நானும் ஒரு நாள் நினைத்தவள்தான். அந்தக் கதையை எழுதுங்க அத்தை என்று அவள்தான் நோட்டு வாங்கிக் கொடுத்தாள். நான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மழைக்காலம் மட்டும் போனவள். மிச்ச எழுத்தெல்லாம் சினிமாத் தட்டியைப் பார்த்துப் படித்ததுதான். அதனால் என் எழுத்து ஒவ்வொன்றும் தட்டி எழுத்து மாதிரி பெரிசாக இருக்கும். மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரப்படுகிறவர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

சாத்தூருக்கு மேற்கே ஆறு மைலில் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே பொட்டலில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. மேலே கீத்து, சுத்தி தட்டி, தரையில் மணல். ஆம்பளைகள் பக்கம் பொம்பளைகள் பக்கம் என்று நடுவில் இடுப்பளவு மண்சுவர். எங்கள் அம்மா அங்கே அவிச்ச கடலை விற்றாள். என் பதினெட்டாவது வயசில், பெண்கள் வாசலில் நின்ற பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "நூறு வரைக்கும் எண்ணுவியா?" என்று கேட்டார். எண்ணிக் காட்டினேன். "எவளாவது ஏசினா திருப்பி ஏசாம இருப்பியா?" என்றார். அதற்குக் கொஞ்சம் யோசித்துத்தான் சரி என்றேன். அம்புட்டுதான் என் படிப்பும் பயிற்சியும். அதற்கப்புறம் பதினாலு வருஷம் அந்த வாசலில் நின்றேன். என்னைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி உள்ளே போனாள் என்று இல்லை. என் வாசலில் ஒரு சண்டை நடந்தது என்றும் இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

டிக்கெட்டைக் கிழிப்பது என்றால் சும்மா இல்லை. பாதி அவளிடம், பாதி என்னிடம். என் பாதியை ஊசி நூலில் கோத்துக்கொண்டே வருவேன், ஆட்டம் முடிந்ததும் அந்தச் சரத்தை மானேஜர் மேசையில் வைக்க வேண்டும். அதற்கு முந்தி இன்னொரு வேலை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸ், பாதிப்பேர் பட்டாசு ஆபீஸ். வேலை விட்டு நேரே வருவார்கள். கையில், முந்தியில், தலைமுடியில் எல்லாம் மருந்து அப்பியிருக்கும். பட்டாசு ஆபீஸ்காரிகள் முகம் வெள்ளித் தூளில் மினுமினுக்கும். மண்சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்பளைகள் பீடி குடிக்கிறார்கள். மேலே கீத்து. அதனால் வாசலில் ஒரு பெரிய மண்பானையில் தண்ணீர். முந்தியை உதறி, கையைக் கழுவினால்தான் டிக்கெட்டைக் கிழிப்பேன். "கோயிலுக்குள்ள கூட இம்புட்டுச் சுத்தம் கேக்க மாட்டாக" என்று ஏசிக்கொண்டே கழுவுவார்கள். தண்ணீர் அருமையான ஊர். அந்தப் பானையை நிரப்ப நான் மத்தியானம் ஒரு மைல் நடப்பேன்.

மானேஜர் சத்தம் போட்டு ஒருத்தரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சிலால் மேசையில் மூன்று தட்டு தட்டுவார். அவர் சொன்ன விதி ரெண்டு. படம் ஓடும்போது வாசலைக் கட்டி வைக்கக் கூடாது, ஒரு கயிறு கூடப் போடக் கூடாது. இன்னொன்று, கிழித்த டிக்கெட் கையில் இருக்கிறவளை எந்தக் காரணத்துக்கும் தடுக்கக் கூடாது.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாசம், நான் வாசலுக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. எட்டுக் கிரகமும் ஒரே வீட்டில் கூடப்போகுது, உலகம் அழியப்போகுது என்று ஊரெல்லாம் பேச்சு. கோயிலுக்குக் கோயில் யாகம். கடனை வாங்கிப் பலகாரம் சுட்டுத் தின்னவர்களும் உண்டு. அந்த நேரம் பார்த்து மானேஜர் ஒரு வெள்ளைக்காரப் படத்தைக் கொண்டுவந்தார். பேர் எனக்கு வாயில் நுழையவில்லை. தட்டியில் ‘பூமி அழியும் கதை’ என்று எழுத வைத்தார். "இதை இப்பப் போடலாமா அய்யா?" என்றேன். "பயப்படுறதை எல்லாரும் ஒண்ணா உக்காந்து பயந்தா பாதியாக் குறையும்" என்றார்.

அதை நம்பித்தான் பேச்சியைக் கூப்பிட்டேன். பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்குகிறவள். விரல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். ஊருக்கு ஒரு மைல் தள்ளி அவள் பங்குக்கு வந்த ஒரு துண்டு நிலம், அதில் ஒரு குடிசை, அவளும் அவள் மாமியாரும். அந்த நிலத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தாள். கூலி வேலைக்கே போன வம்சத்தில் சொந்தமாகக் கிணறு வெட்டத் துணிந்த முதல் ஆள் அவள்தான். நாலரை ஆள் ஆழம் போய்ப் பாறை தட்டிவிட்டது. தண்ணீர் கண்ணில் காணோம். இதில் கிரகப் பேச்சு வேறு. ராத்திரி தூக்கமில்லை என்றாள். "வாட்டி, படம்தானே, பாத்தா பயம் தெளிஞ்சுரும்" என்று நான்தான் இழுத்துவந்தேன்.

ஒரே படப்பெட்டி, ரெண்டு கொட்டகை. சாத்தூரில் ஆட்டம் முன்னால் ஆரம்பிக்கும். ஓடி முடிந்த ரீலை மாடசாமி அண்ணன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார், முதல் லோடு, ரெண்டாம் லோடு என்று. எங்களிடம் படம் ஓட்டுகிற மிஷின் ஒன்றுதான், அதனால் ரீலுக்கு ரீல் விளக்கைப் போடுவார்கள். அந்த இடைவெளியில் மானேஜர் மைக்கில் கதை சொல்வார். ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரிக் குரல். "அடுத்த ரீலில் ராணுவம் வரும். குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளவும்."

கதை இதுதான். இனிமேல் வரப்போகிற காலம். மழை நின்றுவிடுகிறது, ஆறு வற்றிவிடுகிறது. ஊரே ஒரு குழாயடியில் வாளியோடு வரிசையில் நிற்கிறது. திரையில் அதைப் பார்த்ததும் எங்கள் பெண்கள் சிரித்த சிரிப்பில் ஆம்பளைகள் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுக்கா உலகம் அழிஞ்சு போச்சுங்காக? நான் காலையில நின்ன வரிசையில பாதி கூட இல்லையே!"

"அவ வாளியப் பாரு, பளபளன்னு. ஒரு தடவ கூடக் கிணத்துல விட்டதில்ல போல."

மூன்றாவது ரீல் வரைக்கும் இந்தக் கூத்துதான். அப்புறம் ஒரு இடம் வந்தது. ஒரு பொம்பளை கையில் செம்போடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருப்பவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடுகிறாள். கொட்டகையில் ஒரு சத்தமில்லை. தண்ணீர் இல்லாதது எங்களுக்குப் பழக்கம். கேட்டு வந்தவளைப் பார்த்து விளக்கை அணைப்பது எங்களுக்குத் தெரியாது. அதற்கப்புறம் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டார்கள். மாதா கோயில் நிறைய ஆட்கள் மண்டியிட்டார்கள், அடுத்த ரீலில் அதே கோயில் காலியாகக் கிடந்தது, பெஞ்சையெல்லாம் விறகுக்கு உடைத்துக் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சின்னப் பிள்ளையும், தூரத்து மலையில் தண்ணீர் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு நடக்கிறார்கள். புழுதிக்காற்று. பெண்டாட்டி விழுகிறாள். அதோடு ரீல் தீர்ந்து விளக்கு வந்தது. நான் பேச்சியைப் பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ரீல் வரவில்லை. மாடசாமி அண்ணன் ரெண்டாம் லோடை இறக்கி எண்ணிப் பார்த்தபோதுதான் ஒரு பெட்டி குறைவது தெரிந்தது. கடைசி ரீல் சாத்தூரிலேயே தங்கிவிட்டது. போய்வர பன்னிரண்டு மைல். மானேஜர் என்னிடம் வந்தார்.

"ராக்கு, கடைசி ரீல் நாளைக்குத்தான். கிழிச்ச டிக்கெட்டைக் கொண்டாந்தா ஓசியில பாக்கலாம்னு ஒருத்தி விடாமச் சொல்லு."

ஆம்பளைகள் பக்கம் அதற்குள் விசிலும் கூச்சலும். மணலை வாரி வீசினார்கள். இதே கூச்சல் என் வாசலில் கேட்கப்போகிறது, எட்டு வருஷத்துப் பேர் ஒரு நிமிஷத்தில் போகப்போகிறது என்று தோன்றியது. முதலில் எழுந்து வந்தவள் பேச்சி.

"முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"முடிஞ்சிருச்சு, போ" என்றேன்.

பின்னால் வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன். ஒருத்தியும் சண்டை போடவில்லை. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் போனார்கள். நான் என் சரத்தை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் குழாயடிக்குப் போனால் எனக்காகவே காத்திருந்தார்கள். அவரவர் புருஷன் சொல்லி எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"வாங்க மகராசி, உலகத்தையே முடிச்சு வச்சவுக வாறாக, வழி விடுங்கட்டி!"

"யக்கா, எங்க வீட்டு ஆளு இன்னைக்கு மிச்சப் படம் இருக்குங்காரு. நீ பாடையக் கட்டி அனுப்பிட்டியே!"

சிரித்துச் சமாளித்தேன். அப்போதுதான் ஒருத்தி சொன்னாள், "பேச்சி கிணறு வெட்டுற ஆளுகள நிப்பாட்டிட்டாளாமே, தெரியுமா? ஆபீஸுக்கும் வரலையாம்."

என் குடம் கையிலேயே நின்றது. அவள் வீட்டில் ஆம்பளை இல்லை. அக்கம்பக்கம் இல்லை. அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? குடத்தை அங்கனயே வைத்துவிட்டு நடந்தேன்.

கிணற்று மேட்டில் ஆட்கள் கடப்பாரைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி பெரியவர், "நாங்க என்ன தாயி செய்ய? அந்தப் பிள்ள வேண்டாங்குது. சாத்தூர்ப் பக்கம் வேற ஆர்டர் நிக்கி. போனா இந்த வருஷம் திரும்பி வர மாட்டோம்" என்றார். பேச்சி குடிசை வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மாமியார், "சொல்லு தாயி இவளுக்கு. நேத்து வந்ததுல இருந்து வாயத் திறக்க மாட்டேங்கா" என்றாள்.

"ஏட்டி, என்ன காரியம் செய்யுத?" என்றேன்.

"எதுக்கு வெட்டணும்? அம்புட்டுப் பெரிய ஊரு, அம்புட்டு மிஷினு, அவுகளே மண்ணுக்குள்ள போயிட்டாக. நமக்கு அடுத்த வாரம்."

"படம் முடியலட்டி. இன்னும் ஒரு ரீல் இருக்கு. நான்தான் நேத்து..."

அவள் நிமிர்ந்தாள். "அதுல என்ன வருது?"

பார்க்கவில்லை, தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எட்டு வருஷமாகக் கொட்டகையில் இருக்கிறவள், எந்தப் படம் கேட்டாலும் கதை சொல்கிறவள். தெரியாது என்று என் வாய் சொல்லிப் பழக்கமில்லை.

"மலைக்குப் போயிருதாக. அங்கன தோண்டுதாக. தண்ணி வருது" என்றேன்.

பேச்சி முறத்தைக் கீழே வைத்தாள். "எத்தன ஆள் ஆழத்துல?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கிணறு நாலரை ஆள். "அஞ்சு இருக்கும்" என்றேன்.

மடியில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டு எழுந்தாள். அப்புறம் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "நாளைக்கு விடியிற வரைக்கும் இருங்க பெரிய்யா. இன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணு பாக்க வேண்டியது இருக்கு. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

திரும்பி வருகிற அந்த ஒரு மைலும் என் கால் தரையில் பாவவில்லை. மத்தியானம் பானைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் பாதி வழியில் குடத்தைப் போட்டு உடைத்தேன். ரீல் பெட்டி மூன்று மணிக்கே வந்துவிட்டது. தகரப் பெட்டிக்குள் பேசாமல் கிடக்கிறது. அதைத் திறந்து பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாமா என்று ஆப்பரேட்டரைக் கெஞ்சினேன். "கை ரேகை பட்டா எனக்கு வேல போயிரும்க்கா" என்றான். கடைசியில் மானேஜரிடம் போய் நின்றேன். ரெண்டு பொய்யையும் சொன்னேன். முடிந்துவிட்டது என்றது ஒன்று, அஞ்சு ஆள் என்றது ஒன்று. பென்சில் தட்டும் என்று காத்திருந்தேன். தட்டவில்லை.

"கடைசி ரீலை நீங்க பாத்திருக்கீகளா அய்யா?"

"இல்ல. கதைச் சீட்டுலயும் மீதியை வெள்ளித்திரையில் காண்கன்னுதான் போட்டிருக்கு."

"தண்ணி வரலேன்னா அவ கிணத்த விட்டுருவா. பொம்பளைக பக்கம் மட்டும் ஏதாவது சொல்லி..."

"அவ கையில கிழிச்ச டிக்கெட்டு இருக்கா?"

"இருக்கு."

அவர் பென்சிலை மேசையில் வைத்தார். "நீ உள்ள போயி அவகூட உக்காரு. வாசல நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் பெண்கள் வாசலில் மானேஜர் நின்றார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர்ச் சிரட்டையோடு. "அண்ணாச்சி, எனக்கும் கொஞ்சம் கையில ஊத்துங்க" என்று வேண்டுமென்றே ரெண்டு தடவை கழுவிக்கொண்டாள் ஒருத்தி. பேச்சி டிக்கெட் பாதியை நீட்டினாள். அதை நாலாக மடித்து முந்தியில் முடிந்து வைத்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். எட்டு வருஷத்தில் நான் உட்கார்ந்து பார்த்த முதல் ரீல் அதுதான்.

விழுந்தவள் எழுந்திருக்கிறாள். நடக்கிறார்கள். மலை வருகிறது. ஏறுகிறார்கள். உச்சியில் ஒன்றுமில்லை. வெறும் பாறை, காய்ந்த முள். புருஷன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். பிள்ளை என்னமோ கேட்கிறது. அவள் ஒரு தட்டைக்கல்லை எடுத்து மண்ணைக் கொத்துகிறாள். கொத்திக்கொண்டே இருக்கிறாள். நான் மனசுக்குள் எங்கள் ஊர்ச் சாமியெல்லாம் கூப்பிட்டேன், ஈரமாவது காட்டு தாயே என்று. கொத்திக்கொண்டே இருக்கும்போது இங்கிலீஷ் எழுத்து வந்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஆம்பளைகள் பக்கம், "இதுக்குத்தானா ரெண்டு நாளு?" என்று விசில் பறந்தது. நான் பேச்சி பக்கம் திரும்பவே இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, தண்ணி வரலையே" என்றாள் பேச்சி.

"வரல."

"அப்ப அஞ்சு ஆளுன்னு சொன்னது?"

"பொய்தான். அந்த ரீல நான் பாத்ததே இல்ல."

எல்லோரும் எழுந்து போகிறார்கள், அவள் அசையவில்லை. அப்புறம் தொடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, எனக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

"மேட்டுல போயி எவளாவது தோண்டுவாளா? மலை உச்சியில என்ன ஊத்து இருக்கும்? இறங்கி வந்து பள்ளத்துல பாக்க வேண்டாமா? கல்லப் பிடிக்கிற பிடியப் பாத்தியா, பல் விளக்குற மாதிரி. அந்த ஆம்பள அழுதுக்கிட்டு உக்காந்திருக்கான், அவன எழுப்பி ஒரு பக்கம் மண்ண அள்ளுன்னு சொல்ல வேண்டாமா? ஒண்ணுந் தெரியல அவளுக்கு. தெரியாமலே கொத்துதா."

"ஆமா" என்றேன்.

"என் நிலம் பள்ளம்தான்" என்றாள் பேச்சி. எழுந்துகொண்டாள்.

வாசலில் மானேஜர், "எல்லாரும் பாத்தாச்சா?" என்று கேட்டார். "பாத்தாச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் ஓட்டமும் நடையுமாக இருட்டுக்குள் போனாள். மேஸ்திரி தூங்குவதற்குள் சொல்ல வேண்டும் அல்லவா.

கிரகம் கூடுகிற நாள் வந்தது. ஊர் கோயிலில் கிடந்தது. மறுநாள் கோழி கூவியது, தீப்பெட்டி ஆபீஸில் சங்கு ஊதியது, எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். எனக்குத்தான் உலகம் இன்னும் தப்பவில்லை. அஞ்சு ஆள் ஆயிற்று, தண்ணீர் இல்லை. அஞ்சரை. ஆறு. பாறைக்கு வைக்கிற வேட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கிற டிக்கெட் கோணலாகக் கிழியும். பேச்சி படத்துக்கு வரவே இல்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. போய் எந்த முகத்தோடு நிற்பது? அவளை நான் வெட்டச் சொல்லவில்லை, அவளாகத்தான் வெட்டுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அந்த நாட்களில்தான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ரீல் பெட்டிகளை நானே தொட்டு எண்ணாமல் முதல் டிக்கெட்டைக் கிழிக்க மாட்டேன். லோடு லோடாக வருகிற படமென்றால், சாத்தூரில் இருந்து இத்தனை பெட்டி என்று சீட்டு வந்தாக வேண்டும்.

பங்குனி பிறந்து ரெண்டாவது வாரம். தமிழ்ப் படம், நல்ல கூட்டம். வரிசையில் எல்லோரும் முந்தியை உதறிக்கொண்டு நிற்கிறார்கள். பேச்சி இடுப்பில் ஒரு குடத்தோடு வரிசையைத் தாண்டி நேரே என்னிடம் வந்தாள்.

"ஏளா, வரிசைல வா!" என்று பின்னால் ஒருத்தி கத்தினாள்.

"படத்துக்கு வரல, இரு" என்று திரும்பிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏழு ஆள். உப்பு. குடிக்க ஆகாது. பருத்திக்கு ஆகும், கை கழுவ ஆகும்."

என் பானையின் மூடியை எடுத்துக் குடத்தைச் சாய்த்தாள். கலங்கலாக, மண் வாசத்தோடு விழுந்தது. "நீ சொன்ன பொய்யில இம்புட்டுத்தான் உண்மை" என்றாள். நான் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புதான்.

காலிக் குடத்தை என் காலடியில் வைத்துவிட்டு அவள் முதல் ஆளாக அந்தத் தண்ணீரில் கை கழுவினாள். தீப்பெட்டி மருந்து விரலிடுக்கில் இருந்து கரைந்து ஓடியது. முந்தியை உதறினாள்.

"வந்ததுதான் வந்தேன், படமும் பாத்துட்டுப் போறேன். இன்னைக்குப் பெட்டி முழுசா இருக்கா?"

"எண்ணிட்டுத்தான் வாசலத் திறந்தேன். உள்ள போ" என்றேன்.